பஞ்சு சிக்கிய இடம்

இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிய பெண்ணைப் பார்த்ததும் மனிதர்கள் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். "எந்த வயசுலம்மா வந்துச்சு?" "வைத்தியம் பாத்தியளா?" பிறகு நாக்கால் ஒரு 'ச்சு'. அந்த 'ச்சு'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கால் என்னுடையது, உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்க வாய் துறுதுறுக்கும். அப்பாவின் முகத்துக்காகப் பேசாமல் போய்விடுவேன்.

தூத்துக்குடியில் ஒரே வாசலுக்குள் பல வீடுகள் சேர்ந்திருந்த எங்கள் வளவுக்குள் அந்த அண்ணாச்சி குடிவந்த அன்று, குழாயடியில் வைத்து என்னைப் பார்த்தார். வழக்கமான கேள்விக்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு தயாராக நின்றேன். மனிதர் குனிந்தார். காலைப் பார்க்கவில்லை. நான் இடது கக்கத்தில் இடுக்கியிருந்த ஊன்றுகட்டையின் தலையைப் பார்த்தார்.

"ஏளா, இத யாரு செஞ்சா?"

"சாத்தான்குளத்து ஆசாரி."

"நல்ல மரம். உள்வளைவுலதான் பிசிறு விட்டுட்டான். ஜாக்கெட்டுல சிக்குமே?"

சிக்கியது. என்னிடம் இருந்த அத்தனை ஜாக்கெட்டிலும் இடது கக்கம் நைந்துதான் கிடந்தது. பெற்ற அம்மாகூடக் கேட்காத கேள்வி அது. சந்தோஷப்படுவதா, இங்கே ஒரு மனுஷி நிற்கிறாள் என்பதே இந்த ஆள் கண்ணில் படவில்லையே என்று கோபப்படுவதா என்று விளங்கவில்லை. "சிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க அவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரேஸ்புரம் கடற்கரையில் லாஞ்சுப் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறையில் அவர் ஃபிட்டர். பெயர் இருக்கத்தான் செய்தது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வளவில் எல்லாருக்கும் அவர் பஞ்சு அண்ணாச்சி. காரணம், அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டுப் பஞ்சு இருக்கும். மரமோ இரும்போ எதைக் கண்டாலும் அந்தப் பஞ்சை அதன்மேல் லேசாக இழுத்துப் பார்ப்பார். பஞ்சு நழுவிப் போனால் முகம் மலரும். எங்காவது ஒரு இழை சிக்கி நின்றுவிட்டால் போச்சு, அந்த இடத்தைத் தேய்த்து முடிக்கும் வரைக்கும் சோறு தண்ணீர் இறங்காது.

"விரலு பொய் சொல்லும். காச்சுப்போன விரலுல்லா. பஞ்சுக்குப் பொய் தெரியாது" என்பார்.

நாங்கள் எல்லாரும் ஒரே வேதக்கோயிலுக்குத்தான் போவோம். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வது. ஐயர் மேலே நின்று நரகத்தைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருப்பார். அண்ணாச்சி கீழே பெஞ்சின் விளிம்பில் பஞ்சை இழுத்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தின் நடுவே 'சர் சர்' என்று சத்தம் கேட்க, ஐயர் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறார். அண்ணாச்சி மண்டியிட்ட மேனிக்கு முன்பெஞ்சின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். சலூனில் சீப்புப் பல்லில் பிசிறு இருந்தது என்று பாதி முடிவெட்டோடு எழுந்து வந்த கதையும் உண்டு.

சிரிப்பதற்கு இப்படி எத்தனையோ இருந்தன. ஆனால் அவருடைய மனைவி ஒரு நாள் சொன்ன விஷயத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளை நாங்கள் மைனி என்போம். வளவுப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைப்பவள். என் நைந்த கக்கங்களுக்கு ஒட்டுத் துணி வைத்ததும் அவள்தான்.

"இவரு கூடப்பிறந்த அண்ணன் செத்த அன்னைக்கி, ஊரே அழுதுட்டு நிக்கி. இவரு கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்ல. பெட்டி ஓரத்துல பிசிறு இருக்குன்னு தேய்ச்சிட்டு உக்காந்திருக்காரு. ஐயரு வந்து நிக்காரு, பெட்டிய மூடணும், இவரு 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னு சொல்லுதாரு. எனக்குத் தலையே குனிஞ்சிட்டு" என்றாள். பிறகு ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "அது ஒரு மாதிரியான ஆளு பிள்ள. மனுசன் தெரியாது, பிசிறுதான் தெரியும்" என்றாள்.

அதைக் கேட்டபின் கொஞ்ச நாள் அவரைப் பார்த்தாலே எனக்கு என்னவோ போல இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த காலம். கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜண்டு ஆபீசில் டைப்பிஸ்ட். ஆபீஸ் மாடியில் இருந்தது. மேனேஜர் நல்லவர்தான், ஆனால் 'ச்சு' கொட்டுகிற வகை. "ஒரு மாசம் வந்து பாரும்மா. படி ஏற முடியலன்னா வருத்தப்படக் கூடாது" என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்.

வருத்தப்படுகிறதாவது! அந்த வேலைக்காக நான் எதையும் செய்திருப்பேன். வீட்டில் முடங்கிக் கிடந்து, வருகிறவர் போகிறவரின் 'ச்சு'வைக் கேட்டுச் சாக நான் தயாராக இல்லை. ஆனால் பஸ் நிறுத்தத்திலிருந்து ஆபீசுக்கு நடை, பிறகு படி, திரும்பவும் நடை. முதல் வாரத்திலேயே கக்கம் உரிந்துவிட்டது. துணியைச் சுற்றினேன், வேர்வையில் அது இன்னும் மோசமாக உரசியது. வீட்டில் மூச்சுவிடவில்லை. சொன்னால் மறுநாளே அப்பா வேலையை விடச் சொல்வார். ஒட்டுப் போடக் கொடுத்த ஜாக்கெட்டில் ரத்தக் கறையைப் பார்த்துக் கண்டுபிடித்தவள் மைனி. விஷயம் அவள் மூலமாக அண்ணாச்சிக்குப் போயிற்று.

அன்று மாலையே வந்து நின்றார். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே, ம்ஹூம். "கட்டையக் குடு" என்றார்.

உருட்டு அரத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். உள்வளைவு அல்லவா, ஒரு மேட்டைத் தேய்த்தால் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. பள்ளத்தைச் சரி செய்யப் போனால் மறுபடி மேடு. தேய்க்கத் தேய்க்க மரம்தான் குறைந்ததே தவிர பஞ்சு நழுவவில்லை. கட்டையைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை போதாது. சுத்துற சாமானு வேணும்" என்றார்.

எப்போதோ வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில் பம்பு பழுது பார்க்கப் போனபோது, தச்சனின் அறையில் ஒரு மிஷினைப் பார்த்திருக்கிறார். மேசையின் நடுவிலிருந்து உருளை ஒன்று செங்குத்தாகத் தலை நீட்டிக்கொண்டு சுற்றும். அதன்மேல் மரம் தேய்க்கும் தாள் சுற்றியிருக்கும். வளைவுள்ள மரத்தைக் கொண்டுபோய் அதில் சாய்த்தால் போதுமாம், வழித்து எடுத்ததுபோல் ஆகிவிடுமாம். அதன் பெயர் ஸ்பிண்டில் சாண்டர் என்று கப்பல் தச்சன் சொன்னானாம்.

"சாண்டரா, சுந்தரா?" என்றாள் மைனி. அன்றிலிருந்து அவளுக்கு அது சுந்தர். "உங்க சுந்தரு என்னைக்கி வாரான்? சோறு வடிக்கணுமா?" என்று நக்கல் வேறு.

சுந்தர் துண்டு துண்டாகத்தான் வந்தான். திரேஸ்புரத்துப் பழைய இரும்புக் கடையிலேயே அண்ணாச்சியின் சாயங்காலங்கள் கழிந்தன. லாஞ்சின் தண்ணீர் பம்பிலிருந்து கழற்றிப் போட்ட ஷாஃப்ட் வந்தது. லாரி டைனமோவின் பேரிங்குகள் வந்தன. ரேடியேட்டரின் ரப்பர் குழாய் ஒரு முழம் வந்தது. ஒவ்வொன்றையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்கு முன்ன நீ எங்கல இருந்த?" என்று விசாரிப்பார். அது பதில் சொன்ன மாதிரித் தலையையும் ஆட்டிக்கொள்வார். அளவு பார்க்கக் கட்டையை அவரிடம் கொடுத்துவிட்டு, அது இல்லாமல் நகர முடியாத நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்களிடம்கூட ஒரு மனிதர் இவ்வளவு அக்கறையாகப் பேசி நான் கண்டதில்லை.

மேசைக்கு வந்ததுதான் வேடிக்கை. வளவு வாலிபர்கள் விளையாடித் தீர்த்த பழைய கேரம் போர்டு. ஷாஃப்ட் தலை நீட்ட ஓட்டை போடும் வேலை மிச்சம், மூலையில் காய் விழும் ஓட்டையே இருக்கிறதே! கட்டைப் பலகை ஒன்றில் போர்டை அறைந்து, மூலை ஓட்டை வழியே ஷாஃப்டை ஏற்றினார். அந்தப் பக்கம் போகிற வருகிறவர்களெல்லாம் "என்ன அண்ணாச்சி, சிவப்புக் காய் விழுந்துட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அவர் காதில் விழுந்தால்தானே.

சுற்ற வைக்க முதலில் மேசை மின்விசிறியின் மோட்டாரை மாட்டினார். ஜோராகச் சுற்றியது. மரத்தைத் தொட்ட உடனே நின்றுபோனது.

"மரத்தக் கண்டு பயப்படுதே சவம்" என்று கழற்றிப் போட்டுவிட்டு, மெதுவாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, உன் தையல் மெஷின் காலு கொஞ்ச நாளைக்கி வேணும்."

"அதுக்கு என் கால வெட்டி எடுத்துட்டுப் போங்களேன்."

"பிள்ளைக்குத்தான கேக்கேன்."

மைனி என்னைப் பார்த்தாள். "பிள்ளைக்குன்னு சொல்லி வாய அடச்சிருவாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே, பாதி தைத்த ஜாக்கெட்டை எடுத்து மடித்து வைத்தாள். மெஷினின் தலை இறங்கி அலமாரிக்குப் போயிற்று. கால்மிதியும் பெரிய சக்கரமும் சுந்தருக்குப் போயின.

அந்த வாரம்தான் உப்புத்தாள் கூத்து நடந்தது. மரம் தேய்க்கிற, மணல் ஒட்டிய தாளை எங்கள் பக்கத்து ஆசாரிகள் உப்புத்தாள் என்பார்கள். மைனியின் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். அவளுக்கு உப்பு என்றால் உப்புதான். அண்ணாச்சி ஒரு கட்டு தாளைக் கொண்டுவந்து கொடுத்து, "உப்புத்தாளு, ஈரம் படாம வையி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மழைக்காலம், சாடியில் உப்பெல்லாம் தண்ணீராக இளகிக்கொண்டிருந்தது. பரவாயில்லையே, மனுஷனுக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டதே என்று பூரித்துப்போய், உப்புச் சாடியை அந்தத் தாளால் மூடி நூலால் கட்டிவிட்டாள். சொரசொரப்பான பக்கம் உள்ளே.

இரண்டொரு நாளில் மீன்குழம்பு நறநறவென்றது.

"என்னட்டி, மீன கழுவலியா?"

"கடல்லயே கழுவித்தான வருது!" என்றாள் மைனி. பிறகு அவளுக்கும் சந்தேகம் வந்து சாடியைக் கொண்டுவந்து காட்டினாள். தாள் சொதசொதவென்று ஊறி, மணல் அத்தனையும் உப்புக்குள் உதிர்ந்து கிடந்தது. இன்றைக்குப் பெரிய சண்டை நடக்கப்போகிறது என்று நான் நினைத்தேன். அண்ணாச்சி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் பிரகாசமாகிவிட்டது.

"பாத்தியா! நம்ம ஊரு காத்துக்கு இந்தப் பசை நிக்காது. துணியில ஒட்டுனதுதான் வாங்கணும்" என்று சொல்லிவிட்டு, தட்டை இழுத்து வைத்து அந்த நறநறக் குழம்பையே விட்டுச் சாப்பிட்டார். மைனி தலையில் அடித்துக்கொண்டாள்.

உருளைக்கு உள்ளே வைக்க நேரான மரம் வேண்டியிருந்தது. எதை வைத்தாலும் ஆட்டம் கொடுத்தது. நான் பள்ளிக்கூட நாளில் ஊன்றிய பழைய கட்டை எங்கள் வீட்டுப் பரணில் கிடப்பதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். பூவரசு. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. நொண்டிக் கட்டை என்று பள்ளிக்கூடத்தில் எனக்கு விழுந்த பெயரே அதனால்தான்.

"எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. அடுப்புல வச்சாலும் சரி."

அதில் ஒரு துண்டை அறுத்து, துளை போட்டு, ஷாஃப்டில் ஏற்றினார். மைனியை மிதிக்கச் சொல்லி, சுற்றுகிற கட்டையின்மேல் அரத்தைச் சாய்த்தார். மேடெல்லாம் உதிர்ந்து, உதிர்ந்து, ஒரு கட்டத்தில் கட்டை சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. பள்ளிக்கூடம் முழுக்க என்னோடு நொண்டிய கட்டை, துளி ஆட்டமில்லாமல் நிமிர்ந்து நின்று சுற்றியது. எனக்குக் கோட்டி பிடித்தது போல் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

அதன்மேல் ரப்பர் குழாயை இறுக்கி ஏற்றி, துணி ஒட்டிய தாளைச் சுற்றினார். சுந்தர் தயார். அண்ணாச்சிக்குக் கட்டையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் மிதிப்பது மைனியின் வேலை. காலை மாற்றி மாற்றி வைத்து மிதித்தாள். நடுநடுவே பாதத்தைத் தூக்கித் தேய்த்துக்கொண்டாள். மரத்தூள் பறந்தது. அவர் நிறுத்துவார், பஞ்சை இழுப்பார், "இன்னும் கொஞ்சம்" என்பார். மறுபடி மிதி. கடைசியில் பஞ்சு அந்த வளைவில் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறி, எங்கேயும் நிற்காமல் நழுவிக் கீழே விழுந்தது.

கக்கத்தில் வைத்துப் பார்த்தேன். யம்மா! அந்தச் சுகத்தை எப்படிச் சொல்ல. கட்டை ஒன்று அங்கே இருப்பதே தெரியவில்லை. புண்ணெல்லாம் சில நாளில் ஆறி, ஒரு வாரம் போல நான் ஆபீசுக்குப் பறந்துதான் போனேன்.

அதோடு விட்டிருந்தால் அவர் பஞ்சு அண்ணாச்சி அல்லவே. சனிக்கிழமை விடியக்காலம் கட்டையை மறுபடி வாங்கினார். இப்போது கை பிடிக்கிற குறுக்குக் கட்டை, கீழ்த்தண்டு, ஒன்று பாக்கியில்லை. எல்லாவற்றையும் சுந்தரிடம் சாய்த்தெடுத்து, மெழுகு வேறு போட்டுத் துடைத்துக் கொடுத்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. நானும் பெருமையாக வாங்கிக்கொண்டு போனேன்.

அன்று மத்தியானம் ஆபீஸ் விட்டு இறங்கும்போது, உள்ளங்கை வேர்வையில் பிடி வழுக்கியது. படியில் உருண்டு, கீழே வந்துகொண்டிருந்த மேனேஜரின் காலடியில் போய் விழுந்தேன். எனக்குக் காலும் ஓடாது, அன்றைக்குக் கையும் ஓடவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். மேனேஜர் 'ச்சு' கொட்டினார்.

"திங்கக்கிழம அப்பாவக் கூட்டிட்டு வாம்மா. பேசி முடிவு பண்ணிக்கலாம்."

என்ன முடிவு என்று எனக்குத் தெரியாதா? ரிக்‌ஷாவில் வளவுக்கு வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அண்ணாச்சி வாசலில் போய் நின்று கட்டையைச் சுவரில் சாய்த்தேன், இல்லை, எறிந்தேன்.

"பஞ்சு நழுவுனாப் போதுமா அண்ணாச்சி? கை நழுவுதே! என் வேலையே நழுவிட்டே! மனுசி பிடிச்சி நடக்கதுக்குக் கட்டையா, பஞ்சு விளையாடுததுக்கா?"

வளவே வெளியே வந்து பார்த்தது. அவர் குனிந்து கட்டையை எடுக்கப் போனார். பாதியில் நின்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உரிந்த முழங்கையை, கிழிந்த தாவணியை, முகத்தை. என் முகத்தை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எங்க வலிக்கி?" என்றார்.

அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மைனி கையில் கத்தரிக்கோலோடு வாசல் நிலையில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிசிற எடுக்கப் போயி பிடியையும் எடுத்துட்டேனே" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்கு வரவில்லை. திரேஸ்புரத்துக்குப் போய், வலை முடைகிற முறுக்கு நூல் ஒரு கண்டு வாங்கி வந்திருந்தார். முதலில் பிடியில் இருந்த மெழுகை அரத்தால் சுரண்ட வேண்டும். தன் கையால் வழுவழுப்பாக்கியதைத் தன் கையாலேயே சொரசொரப்பாக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்கவேண்டுமே. பல்லைப் பிடுங்கிக்கொள்கிற ஆள் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"கண்ண மூடிட்டுப் பிடி. எங்கன வழுக்குது?"

"இங்கன."

"இப்பம்?"

"பெருவிரல் பக்கம் இன்னும் கொஞ்சம்."

நான் சொல்லச் சொல்ல நூலை இழுத்துச் சுற்றினார், முடிச்சுப் போட்டார். பழக்கத்தில் ஒரு தடவை கை சட்டைப் பைக்குப் போயிற்று. பஞ்சை எடுத்தார், பார்த்தார், திரும்ப உள்ளேயே வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. மேனேஜர் மாடிப்படியின் உச்சியில் நின்றார். நான் கீழேயிருந்து ஏறினேன். உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. நூல் என் கையைப் பிடித்துக்கொண்டது. மேலே போய் நின்று, மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்ளாமல், "குட்மார்னிங் சார். அப்பாகிட்ட என்ன பேசணுமோ அத எங்கிட்டயே சொல்லிருங்க" என்றேன். அவர் கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா. போய் டைப் அடி" என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எனக்குத் தலை நரைத்தது.

அன்று சாயங்காலம் செய்தி சொல்ல அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுந்தரைப் பிரித்துப் போட்டிருந்தார். கல்யாண வீட்டு ஜாக்கெட்டெல்லாம் குவிந்து கிடக்கிறது என்று மைனி பிடித்த பிடியில், தையல் மெஷினுக்கு அதன் காலைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்து பெல்ட்டைப் பூட்டும்போது அவருடைய கை கால்மிதியின் ஓரத்தில் உரசியது. கையை எடுத்துப் பார்த்தார். பையிலிருந்து பஞ்சை எடுத்து, அந்த இரும்பு ஓரத்தில் இழுத்தார்.

பஞ்சு சிக்கி நின்றது. பூ வேலை போட்ட வார்ப்பிரும்பில் ஒரு மூலை சில்லுப் பெயர்ந்து, அரிவாள்முனை போல நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, இது எப்ப உடஞ்சது?"

"அது கல்யாணத்துக்கு முன்னயே உடஞ்சது. எங்க அம்ம மிதிக்கும்போதே அப்படித்தான்" என்றாள் மைனி, துணியை வெட்டிக்கொண்டே.

அவர் திரும்பி அவளுடைய பாதத்தைப் பார்த்தார். வலது பாதத்தின் ஓரம் முழுக்கக் கறுத்துக் காய்த்துப்போய், நடுவில் ஒரு வெடிப்பு சிவந்து கிடந்தது.

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

கத்தரிக்கோல் நின்றது. "சொல்லணுமாக்கும்" என்றாள் மைனி. "ஊர்ல உள்ள பெஞ்சுக்கெல்லாம் பஞ்சு வச்சிப் பாக்குத மனுசன், என்னைக்காவது வீட்டுக்கும் வருவாருன்னு இருந்தேன்."

பஞ்சு அந்த இரும்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அவளுடைய பாதத்தைப் பிடித்துத் தன் மடியில் எடுத்து வைத்தார்.

"சே, விடுங்க, பிள்ள நிக்கா" என்று மைனி காலை இழுத்தாள்.

அவர் விடவில்லை. நான் கட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.